ஏலுமென்று சொன்னாள்

அந்தப் பிள்ளை எங்கள் வலைப்பந்து அணியின் சென்டர். பத்தாம் வகுப்பு. வாப்பா வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிறவர். எங்கள் பாடசாலையில் படிக்க வேண்டும் என்பதற்காகக் கல்முனையில் உம்மாவின் தங்கையான சாச்சியின் வீட்டில் தங்கியிருந்தாள். நான் அந்தப் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியை. அணியைப் பயிற்றுவிக்கும் வேலையும் அதோடு சேர்ந்தே எனக்கு வந்தது.

வலய மட்ட அரையிறுதி நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரே பந்துக்குப் பாய்ந்த இரண்டு பேரின் தலைகள் மோதின. கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே சத்தம் கேட்டது. எதிரணிப் பிள்ளை நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் பிள்ளை அழவில்லை. மல்லாந்து விழுந்து, கண்களைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தேன். கூல்பார் கடையில் வாங்கி வைத்திருந்த ஐஸ் பையைப் பின்தலையில் அழுத்தினேன். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. என்னைப் பார்த்தவர்கள் கெட்டிக்கார டீச்சர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"விளையாட ஏலுமா?" என்று கேட்டேன்.

"ஏலும் டீச்சர்."

நான் செய்த பரிசோதனை அவ்வளவுதான். அவளை மறுபடி இறக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்த எதுவும் எனக்குத் தெரியாமல் நடக்கவில்லை. அவள் பந்தை ஒரு தடவை எதிரணிக்கே கொடுத்தாள். நடுவர் விசில் ஊதியும் ஓடிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாற்று வீராங்கனை, கோட்டருகே வந்தபோது அவள் இரண்டு தரம் ஸ்கோர் கேட்டதாகச் சொன்னாள். அந்த மாற்றுப் பிள்ளையைப் பேசாமல் ஆட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். மிச்சம் ஆறு நிமிடம்தான். ஒரு புள்ளியால் வென்றோம். பிள்ளைகள் என்னைச் சுற்றிக் குதித்தார்கள். அவளும் குதித்தாள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

வேனில் வரும்போது வாந்தி எடுத்தாள். அனலான கச்சான் காற்று அடிக்கும் காலம். வெயில் பிடித்துவிட்டது என்று நானே சொன்னேன், நானே நம்பினேன். வழியில் நிறுத்திச் சோடா வாங்கிக் கொடுத்தேன். சாச்சியின் வீட்டில் இறக்கிவிட்டபோது, "வெயில்தான், கொஞ்சம் படுக்க விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். தலை மோதியதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வெற்றிச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்ததில் அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

அன்று மாலை மஃரிப் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டும்போது சாச்சி தொலைபேசியில் கூப்பிட்டார். பிள்ளையை எழுப்ப முடியவில்லை, எழுப்பினாலும் மாறி மாறிக் கதைக்கிறாள் என்றார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் சிறிதாக இரத்தம் கசிந்திருந்தது. சத்திரசிகிச்சை தேவைப்படாது போலிருக்கிறது, ஆனாலும் சில நாட்கள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் வைத்தியர். இளம் வைத்தியர், களைத்துப்போன முகம். மோதிய பிறகு பிள்ளை விளையாடினாளா என்று கேட்டார். கொஞ்ச நேரம் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். பாதி ஆட்டம் என்றேன். அவர் அதைத் தாளில் எழுதினார். திட்டவில்லை. தலையில் அடிபட்ட பிள்ளை தானே 'ஏலும்' என்று சொல்வதை நம்பக்கூடாது, அடிபட்டிருப்பது அந்தப் பதிலைச் சொல்கிற இடத்தில்தான் என்று மட்டும் சொன்னார்.

வாப்பா வந்தார். அறுவடைக் காலம். நெல்லுத் தூசு சட்டையில் அப்படியே இருந்தது. மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, நான் இருந்த வாங்கில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"என்ன நடந்த, டீச்சர்?"

மோதியதைச் சொன்னேன்.

"மறுகா?"

"மறுகா விளையாடினா."

"விளையாட விட்ட ஆரு?"

"நான்தான்."

சட்டையில் இருந்த தூசைத் தட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "ட்ரெக்டர் சத்தம் மாறினாலே நாங்க நிப்பாட்டிப் பாக்கிற, டீச்சர்."

என்னுடைய வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி ஏசியதில்லை.

மறுநாள் பாடசாலை அதிபர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பாடசாலையில் நடக்கும் முக்கியமான விஷயங்களை எழுதிவைக்கும் லொக் புத்தகம் மேசையில் விரித்திருந்தது. அதிபர் நல்ல மனிதர். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தார். போட்டி முடிந்து திரும்பும் வழியில் மாணவிக்கு மயக்கம் ஏற்பட்டது என்று எழுதினால் போதும் என்றார். அது பொய்யும் இல்லை, வேனில்தானே வாந்தி எடுத்தாள் என்றார். வலயக் கல்வி அலுவலகம் கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டலாம். பெற்றோரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கிறது. எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் இருப்பதையும் நினைவுபடுத்தினார். நாளைக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆசிரியர் அறையிலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். என் கணவர் மட்டும் எதுவும் சொல்லாமல், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் அலுவலகம் வைத்திருக்கும் அவருடைய மாமி மகளிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் சட்டத்தரணி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முழுவதையும் கேட்டார், நடுவில் ஒரு தடவையும் மறிக்கவில்லை. சம்மதக் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது பிள்ளையக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான் சம்மதம், மச்சி. கவனிக்காம விடுறதுக்கு அந்த வாப்பா சம்மதம் தரல்ல."

நான் வைத்தியர் இல்லையே, எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். சட்டம் என்னை வைத்தியராக இருக்கச் சொல்லவில்லை என்றார். கவனமான ஓர் ஆசிரியை அந்த இடத்தில் என்ன செய்திருப்பாள் என்றுதான் பார்க்கும். ஆட்டத்தை நிறுத்தியிருப்பாள். விழுந்த பிள்ளையை இழுத்துத் தூக்காமல் இருந்திருப்பாள். உதவிக்கு ஆள் கூப்பிட்டிருப்பாள். வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லியிருப்பாள். நடந்ததை எழுதிவைத்திருப்பாள். ஒவ்வொன்றையும் சொல்லும்போது ஒரு விரலை மடக்கினார்.

"அஞ்சில நாலு போயிட்டு. எழுதுறது மட்டும் இன்னும் உங்கட கையில இரிக்கி."

அவர் என்னை எழுதச் சொல்லவுமில்லை, எழுத வேண்டாம் என்று சொல்லவுமில்லை. எழுதினால் விசாரணை வரும், தண்டனையும் வரலாம் என்று தெளிவாகச் சொன்னார். மாற்றி எழுதி அது பிறகு வெளியே வந்தால், கவனக்குறைவு என்று சொல்லக்கூடிய ஒன்று ஏமாற்று வேலையாகிவிடும் என்றும் சொன்னார். கணவரோடு திரும்பினேன். சட்டத்துக்குப் பயந்து எழுதப் போகிறேனா, அந்த வாப்பாவின் முகத்துக்காகவா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழுதப் போகிறேன் என்பது மட்டும் வீட்டுக்கு வருவதற்குள் முடிவாகிவிட்டது.

காலைக் கூட்டம் முடிந்ததும் அதிபரின் அறையில் உட்கார்ந்து ஒரு முழுப் பக்கம் எழுதினேன். மோதல் நடந்தது இரண்டாம் பாதியின் தொடக்கத்தில். மாணவியை நானே தூக்கி உட்காரவைத்தேன். அவள் விளையாட முடியும் என்றதை நம்பி மீண்டும் விளையாட அனுமதித்தேன். அவளுடைய நடத்தையில் மாற்றத்தைக் கண்டும் வெளியே எடுக்கவில்லை. வேனில் வாந்தி எடுத்தும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டாரிடம் மோதலைச் சொல்லவில்லை. 'கண்டும்' என்ற சொல்லை எழுதும்போது பேனா நின்றது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் எல்லாம் அறியாமல் நடந்ததாகப் போய்விடும். அதை அப்படியே வைத்துவிட்டு மேலே எழுதினேன்.

அதிபர் இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"ஓம் சேர்."

அவர் கீழே 'பார்வையிட்டேன்' என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். அதன் பிறகு ஒரு மாதம் அளவில் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தார்.

விசாரணை வலய அலுவலகத்தில் நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலுதவி எங்கே படித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். பயிற்சிக் கல்லூரியில் ஒரு பாடம் இருந்தது என்றேன். பாடசாலை முதலுதவிப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று இன்னொருவர் கேட்டார். வருவதற்கு முன் திறந்து பார்த்திருந்தேன். பஞ்சு, துருப்பிடித்த கத்தரிக்கோல், காய்ந்துபோன தைலப் போத்தல் என்று இருந்ததையே சொன்னேன். அதைக் கேட்ட பெண் அதிகாரி தன் குறிப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். அவருடைய பாடசாலைகள் எல்லாவற்றிலும் பெட்டி அப்படித்தான் இருக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளையின் வாப்பாவையும் அழைத்திருந்தார்கள். லொக் புத்தகத்தில் உள்ளதை அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். இதில் குறை ஏதும் இருக்கிறதா என்று கேட்டபோது, நடந்தது இதுதான் என்றார். பொலிசுக்குப் போக விருப்பமா என்று கேட்டதற்கு இல்லை என்றார். டீச்சரை மன்னித்துவிட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கு எழுத்தில் கடும் எச்சரிக்கை கிடைத்தது. அது என் சுயவிவரக் கோவையில் இன்றும் இருக்கிறது.

பிள்ளை சுகமானாள். தலையிடி மூன்று மாதம் வரை விட்டுவிட்டு வந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் ஒரு தவணைப் பரீட்சை தவறியது. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சையை எழுதி நல்லபடியாகச் சித்தியடைந்தாள். வலைப்பந்து மட்டும் விளையாடவில்லை. வாப்பா விடவில்லை. நான் கேட்கப் போகவுமில்லை.

முதலுதவிப் பயிற்சிக்கு யாரும் அனுப்பும்வரை நான் காத்திருக்கவில்லை. சனிக்கிழமைகளில் வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பெயர் கொடுத்தேன். நடத்தியவர் கோமாரியைச் சேர்ந்த தாதி உத்தியோகத்தர், என் வயதுக்காரி. கடலுக்குப் போகிறவர்களின் குடும்பம். கடலில் மூழ்கியவர்களை உயிரோடு எடுத்தும், தவறாகத் தூக்கி இழந்தும் பார்த்தவர். அழகாகப் பேச மாட்டார், ஆனால் கை சொல்லித் தரும். விழுந்து கிடப்பவரின் தலைமாட்டில் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் தலையை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் முறையை என்னை இருபது தடவை செய்யவைத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருக்க வேண்டும். கை உளைந்தாலும் விடக்கூடாது.

எங்கள் பிள்ளைகள் தலையில் ஸ்காஃப் கட்டி விளையாடுகிறவர்கள், நாடிக்குக் கீழே கழுத்தோடு ஊசி குத்தியிருக்கும், அதை என்ன செய்வது என்று கேட்டேன். அவர் அதுவரை அதை யோசித்ததில்லை என்று நேர்மையாகச் சொன்னார். என்னுடைய ஸ்காஃபிலேயே செய்து பார்த்தோம். தலையைப் பிடித்தபடி ஊசியைத் தேடினால் கழுத்து அசைந்தது. மூச்சு எடுக்கிறதா என்று பார்க்கவும் துணி மறைத்தது. அடுத்த வாரமே அணியில் ஊசியை நிறுத்தினேன். தையல்காரியிடம் கொடுத்து, தலையில் மாட்டிவிட்டால் போதும் என்கிற மாதிரி இழுபடும் துணியில் எல்லோருக்கும் ஸ்காஃப் தைத்தோம்.

பிறகு பெற்றோரைக் கூப்பிட்டேன். பழைய சம்மதக் கடிதத்தில் இரண்டு வரிதான் இருந்தது. புதிதாக ஒரு தாள் எழுதியிருந்தேன், சட்டத்தரணி மச்சி திருத்தித் தந்தது. தலையில் அடிபட்டால், நிச்சயமாகத் தெரியாவிட்டாலும், அன்றைக்கு அந்தப் பிள்ளை மறுபடி விளையாட மாட்டாள். வைத்தியரின் எழுத்து வரும்வரை பயிற்சிக்கும் இறங்க மாட்டாள். எலும்பில் அடிபட்டால் முதலில் ஆஸ்பத்திரி, முறிவு கட்டும் ஒட்டு வைத்தியரிடம் போவது வீட்டாரின் விருப்பம், ஆனால் அதற்குப் பிறகுதான். நான் உடனே வீட்டுக்கு அறிவிப்பேன். தேவைப்பட்டால் ஆம்புலன்ஸில் வரும் ஆண்கள் பிள்ளையைத் தொட்டுத் தூக்குவார்கள்.

கடைசி வரியில் கூட்டம் நின்றுவிட்டது. ஒரு தாய் எழுந்து, நீங்கள் இருக்கும்போது ஆம்பிளைகள் எதற்கு என்று கேட்டார். பின்னால் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். நான் தனியாகத் தூக்கினால் என்ன நடக்கும் என்று சொன்னேன். போன வருடம் நான் தூக்கியது எப்படி என்றும் சொன்னேன். ஊரெல்லாம் தெரிந்த கதைதான், ஆனால் என் வாயால் அவர்கள் கேட்டதில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு தாய் பேனாவை வாங்கினார்.

"உசிருக்கு வந்தா ஆம்புள பொம்புள என்னகா? தாங்க, நான் போடுறன்."

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கையொப்பம் வைத்தார்கள். இரண்டு பேர் வைக்கவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளையும் நான் அணியில் சேர்க்கவில்லை. அதில் ஒருத்தி நல்ல தடுப்பு வீராங்கனை.

முதலில் கையொப்பம் வைத்த அந்தத் தாயின் மகள்தான் எங்கள் ஷூட்டர். அடுத்த வருடம் மாவட்ட இறுதிப் போட்டிக்கு எங்களைக் கொண்டுபோனவள் அவள். எங்கள் பாடசாலை அதுவரை அந்த இடத்துக்கு வந்ததில்லை. அதிபர் வந்திருந்தார். பழைய மாணவிகள் வந்திருந்தார்கள். கடைசிப் பகுதியில் இரண்டு புள்ளி முன்னால் நின்றோம். அப்போது ஒரு தடுப்பு வீராங்கனையின் முழங்கை அவளுடைய நெற்றிப் பொட்டில் பட்டது. அவள் தடுமாறி, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, உடனே எழுந்துவிட்டாள். சிரித்தாள். கையைக் காட்டி, ஒன்றுமில்லை என்றாள்.

நான் நடுவரிடம் நேரம் கேட்டேன். கோட்டுக்குள் போய் அவள் கண்களைப் பார்த்தேன். இன்று என்ன நாள், எதிரணி எந்தப் பாடசாலை, ஸ்கோர் என்ன என்று கேட்டேன். ஸ்கோரைச் சொல்ல ஒரு நொடி அதிகமாக எடுத்தாளோ என்று எனக்குப் பட்டது. நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாதபோது என்ன செய்ய வேண்டும் என்றுதான் நான் அந்தத் தாளில் எழுதியிருந்தேன். அவளை வெளியே எடுத்தேன்.

அவள் அழுதாள். அதிபர் எழுந்து கோட்டருகே வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். அவளுடைய உம்மா கயிற்றைத் தாண்டி வந்தார்.

"டீச்சர், அவவுக்கு ஒண்டுமில்ல. நான் பெத்த உம்மா சொல்றன், விடுங்க."

"நீங்க சொன்னாலும் விடமாட்டன்."

"நாலு நிமிசந்தானே."

"ஓம். நாலு நிமிசந்தான். விடமாட்டன்."

என் குரல் எனக்கே முரடாகக் கேட்டது. மாற்றாக இறங்கிய பிள்ளை முயன்றாள். மூன்று தடவை எறிந்தாள், ஒன்றும் விழவில்லை. ஒரு புள்ளியால் தோற்றோம். வெற்றி பெற்றவர்கள் சத்தமிட்டுக்கொண்டிருந்தபோது நான் ஷூட்டரையும் உம்மாவையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுவதும் இருவரும் என் பக்கம் திரும்பாமல் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வைத்தியர் சோதித்தார். ஒன்றும் இல்லை என்றார். இரண்டு நாள் கவனித்துக்கொள்ளச் சொன்னார்.

ஊரில் அதுதான் கதையாக இருந்தது. ஒன்றுமில்லாத பிள்ளையை வெளியே எடுத்து டீச்சர் வெற்றிக் கிண்ணத்தைக் கை நழுவவிட்டுவிட்டார். மீன் சந்தையில் ஒருவர் நேரடியாகவே கேட்டார். மீனை வாங்கிக்கொண்டு நடந்தேன். ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொன்னபோது எனக்கு வந்த நிம்மதியை எந்தக் கிண்ணத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது என்று எப்படிச் சொல்வது? ஆனால் வேதனையும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் இரண்டு வருடம் மணலில் ஓடியவர்கள். அவர்களிடமிருந்து அதை எடுத்தது நான்தான். அது சரியான முடிவு என்பதால் வேதனை குறையவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பயிற்சிக்குப் பத்துப் பேரில் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரோடு தொடங்கினேன். ஒருத்தியைப் படுக்கவைத்து, மற்றவர்களுக்குத் தலையைப் பிடிக்கும் முறையைக் காட்டினேன். பிறகு பந்தை எடுத்தோம். அதிபர் மாடியிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மாலை புதிய முதலுதவிப் பெட்டிக்கான கோரிக்கையில் அவர் கையொப்பம் வைத்து, மேசையில் என் பக்கம் தள்ளினார்.

ஷூட்டர் இரண்டாவது வாரம் வந்தாள். உடுப்பு மாற்றி, தலைமுடியை இறுக்கிக் கட்டி, ஸ்காஃப் மாட்டி, நேராக வரிசையில் போய் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நான் வைத்தியரின் தாளைக் கேட்டேன். அன்றைக்கே ஒன்றுமில்லை என்று சொன்னார்தானே, நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள்தானே என்றாள்.

"நிண்டன். தாள் எங்க?"

வீட்டில் இருக்கிறது என்றாள். எடுத்துக்கொண்டு வா என்றேன். வரிசையை விட்டு வெளியேறி, கேற்றைத் தாண்டி நடந்தாள். இனி வரமாட்டாள் என்றுதான் மற்றப் பிள்ளைகள் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். பயிற்சியை நிறுத்தவில்லை. அரை மணித்தியாலம் கழித்து, உம்மாவின் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். உம்மா இறங்கவில்லை, எஞ்சினையும் நிறுத்தவில்லை. மகள் நாலாக மடித்த தாளை என் கையில் வைத்தாள். விரித்து, திகதியையும் கையொப்பத்தையும் பார்த்தேன். கோவையில் வைத்தேன்.

"விளையாட இறங்கு," என்றேன். அவள் ஓடிப்போய்ப் பந்தை வாங்கினாள்.